உப்புப் பூத்த கண்ணாடி

தொபியாஸ் கரைக்கு வரவில்லை, அவனுடைய கண்ணாடி வந்தது. பாய்மரப் பந்தயம் முடிந்த ஏழாம் நாள் காலையில், கன்னாமுனைக் கடற்கரையில், வலை உலர்த்துகிற மேட்டுக்குத் தெற்கே, அலை ஒதுக்கிப் போட்ட பாசிக் குவியலின் உச்சியில், யாரோ குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி வானத்தைப் பார்த்துக் கிடந்தது அது. கடல் ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஒரு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் அதன் கயிற்றில் கோத்திருந்த வலை மிதப்பு. அந்த மிதப்பைக் கோத்தவள் அவன் பெண்டாட்டி ஜெசிந்தா.

ஜெசிந்தா தினமும் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், பதினோரு வருஷமாக அடுத்தவர் மூக்கிலும் காதிலும் பிரேம் மாட்டிச் சரிபார்த்த கை. புருஷனுக்கென்று கடையையே ஒரு வாரம் அலசித்தான் அதை எடுத்தாள்: கறுப்பு வேண்டாம், கறுப்பு உலகத்தை இருட்டாக்குமே தவிர தண்ணீரின் மினுக்கை வெட்டாது, கடலுக்குப் பிரவுன்தான் சரி, அதிலும் போலராய்டு, பக்கத்திலிருந்து அடிக்கிற சாரலை மறிக்கிற மாதிரி காதுவரைக்கும் வளைந்தது, உப்பில் துருப்பிடிக்க ஒரு கம்பிகூட இல்லாதது. "கரைக்கு வந்ததும் முதல்ல நல்ல தண்ணி ஊத்துங்க, அப்புறம்தான் துணி. காஞ்ச உப்பைத் துணியால தேய்ச்சா கண்ணாடி பூராவும் கீறிரும்" என்று அவள் சொல்லிக்கொடுத்ததை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவர்கள் ஊர் பூராவும் பரப்பினார்கள். "என்ன தொபியாஸ், மீனு உன்னைச் சினிமாக்காரன்னு நெனச்சு வலையில வந்து விழுமோ?" என்று அவன் கரையிறங்கும்போதெல்லாம் கேட்டார்கள்.

சேதி கேட்டு ஜெசிந்தா ஓடி வருவதற்குள் மாமியார் சவேரியாள் பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியை மடியில் கிடத்தி, வலது பக்கத்தை முந்தானையால் துடைத்து முடித்து, இடது பக்கத்துக்கு வந்திருந்தாள். ஜெசிந்தா பிடுங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். வலது கண்ணாடி சுத்தமாக இருந்தது, அதில் எதிரே கிடந்த கடல்தான் தெரிந்தது. இடது கண்ணாடியில் உப்பு பூத்திருந்தது, அந்த உப்பில் தொபியாஸ் கடைசியாகப் பார்த்தது அப்படியே நின்றது.

வெள்ளைமேல் வெள்ளையாக ஒரு பாய்மரப் படகு அவனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. பாயில் ஒரு ஒட்டு, யார் வீட்டுப் புதுநன்மை விழாவுக்கோ அடித்த பேனரை வெட்டித் தைத்தது, அதில் பாதிப் பிள்ளையின் சிரிப்பு. கன்னாமுனையில் அந்த ஒட்டை அறியாத கண் இல்லை. படகு சாயாமலிருக்க ஆட்கள் ஏறி உட்காரும் நீட்டுப் பலகையின் நுனியில் ஒரு ஆள் இடம் காலி. நாலு முதுகுகள். பின்னால் சுக்கானைப் பிடித்தபடி கஸ்பார், கழுத்தைத் திருப்பி, நேருக்கு நேராக, தண்ணீரில் கிடக்கிறவனைப் பார்த்துக்கொண்டு. அவர்களுக்கெல்லாம் முன்னால், கிட்டத்தில்தான், ஆனால் இன்னும் எட்டாமல், பந்தயப் படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய கொடி.

இதைக் கண்டு கன்னாமுனையில் ஒருவரும் வாய் பிளக்கவில்லை. உப்பு ஒரு சீலா மீனையே ஆறு மாசம் கெடாமல் வைக்கிறது, ஒரு பார்வையை வைக்காதா என்றார்கள். அவர்களுக்கு இருந்த பிரச்சினை வேறு.

கஸ்பார் யார் என்றால், சவேரியாளின் அண்ணன் மகன், தொபியாஸுக்கு மச்சான், ஊருக்குச் சுக்கான். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து ஊர் புதுமணல் தூக்கிக்கொண்டு போன கோப்பையை இந்த ஆவணியில் கன்னாமுனைக்குக் கொண்டுவந்தவன். "ஜெயிச்சு எல்லையைத் தாண்டின பிறகு தொபியாஸ் பலகைமேல ஏறி நின்னு ஆடினான், கால் வழுக்கிருச்சு, திரும்பிப் பாத்தா ஆள் இல்லை" என்று அவன் சொன்னான்; படகிலிருந்த மற்ற நாலு பேரும் அதையே, அதே சொல்லில், அதே வரிசையில், ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்கள். கொடிக்கு முன்னாலேயே விழுந்தான் என்றால் அது ஆளை விட்டுவிட்டு ஜெயித்த ஜெயிப்பு, கோப்பை புதுமணலுக்குப் போய்விடும். கரையில் நின்ற நடுவர்கள் பாயை எண்ணினார்கள், தலையை எண்ணவில்லை. ஜெசிந்தாவுக்கோ கோப்பை எந்த ஊர் அலமாரியில் இருந்தால் என்ன. அவளுக்கு வேண்டியது கஸ்பார் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்: பார்த்தேன்.

"வலது பக்கத்தை ஏன் தொடைச்சீங்க அத்தை?"

"பிள்ளை மூஞ்சில உப்பு அப்பியிருந்தா தொடைக்க மாட்டாளாடி பெத்தவ?"

"தொடைக்கும்போது அதுல என்ன தெரிஞ்சிச்சு?"

சவேரியாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாள். 

முதல் வாரம் ஊர் ஜெசிந்தா வீட்டுக்கு வந்து பார்த்தது. வரிசையில் நின்று, ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு நொட்டை சொன்னார்கள். மூக்கு கஸ்பாருடையது மாதிரி இல்லை என்றான் ஒருவன். அது போன வருஷத்துப் பாய் என்றான் இன்னொருவன், போன வருஷம் அந்தப் பேனரே அடிக்கவில்லை என்பதை மறந்துவிட்டு. கொடி என்று நீ சொல்வது கொக்கு என்றாள் ஒருத்தி. ஊர்க் கமிட்டித் தலைவர் மதலைமுத்து எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தார், இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார், கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உப்புதான் தெரியுது தாயி" என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் யோசிக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று, உப்புதான் தெரியுது, உப்புதான் தெரியுது என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

இரண்டாம் வாரம் தண்ணீர் வர ஆரம்பித்தது. கன்னாமுனையில் நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒரு தரம் லாரியில் வரும். அதற்காகக் கூடப்பிறந்தவர்கள்கூட மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர் அது. அந்த ஊரில், விடிந்து கதவைத் திறந்தால், ஜெசிந்தாவின் வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணி. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் குடத்தின் மேல் மடித்து வைத்த மெல்லிய பருத்தித் துணி. பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, ஆனால் பின் சீட்டிலிருந்து யாராவது ஒருத்தி ஜன்னலிடம் பேசுகிற மாதிரி பேசுவாள்: "முதல்ல நல்ல தண்ணி ஊத்தணுமாம், அப்புறம்தான் துணியாம். உப்பை அப்பிடியே விட்டா கண்ணாடிக்குக் கேடாம். படிச்சவுக சொன்னாக." கோவிலில் அவள் முழந்தாளிட்டால் வரிசை நகர்ந்து உட்கார்ந்தது. மீன்காரி அவள் கூடைக்குக் கெட்ட மீனைப் போட்டுவிட்டு, "உப்பு போட்டு வச்சுக்க, உனக்குத்தான் வருமே" என்றாள். முப்பது குடம் சேர்ந்தபோது வாசலில் கால் வைக்க இடமில்லை. அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, ஒரு குடத்தையும் கவிழ்க்கவில்லை, வேலிக்கு வெளியே சுவர் மாதிரி வரிசையாக வைத்துவிட்டு, தன் முறைக்கு லாரியடியில் போய் நின்றாள், நின்ற இடத்தில் இடி வாங்கினாள்.

புரட்டாசி போய் ஐப்பசி நெருங்கியது. ஊர் தண்ணீர் வைப்பதை நிறுத்தியது. இனி கொண்டல் காற்று பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். கொண்டல் அடித்தால் ஈரம் வரும், ஈரம் வந்தால் உப்பு நீர்த்துப்போகும், நீர்த்த உப்பில் படகும் இல்லை பாயும் இல்லை. ஜெசிந்தா கண்ணாடியை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, சுற்றிலும் வறுத்த அரிசியைக் கொட்டி, அடுப்பு மேட்டில் வைத்துக் காத்தாள். அப்படியும் ஒரு நாள் திறந்தபோது பாதிப் பிள்ளையின் சிரிப்பு கரைந்திருந்தது. மறுநாள் முதுகு நாலில் ஒன்றைக் காணோம். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வருகிற நேரத்துக்குக் கோவில் வாசலிலேயே இருக்கிற கமிட்டிக் கூடத்துப் படியில் போய் நின்றாள்.

"ஊரே பாத்திருச்சு. கஸ்பார் அண்ணன் மட்டும் இன்னும் பாக்கலை. அவுகளும் ஒரு தரம் பாக்கட்டும்."

"அவன் எதுக்கு?" என்றார் மதலைமுத்து.

"அதுல இருக்கது அவுகதானே மாமா. தன் படத்தைத் தான் பாக்கக் கூடாதா?"

கூட்டத்தில் எவனோ சிரித்துவிட்டான். சிரிப்பு வந்த பிறகு பின்வாங்க முடியாது. கஸ்பார் வந்தான், வெள்ளைச் சட்டை, கையில் செபமாலை, வந்து படிக்குக் கீழே நின்றான். உயரமான ஆள், படிக்குக் கீழே நின்றும் அவள் கண்ணுக்கு அவன் கண் நேராக இருந்தது. கண்ணாடியை வாங்கி, வெயிலுக்குக் காட்டி, இடது கண்ணால் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். அவன் வாயைத் திறந்ததை அவள் கண்டாள், சொல்லப்போகிறான் என்று நினைத்தாள், சொல்லுங்க அண்ணே என்று அவள் உதடும் அசைந்தது.

"ரொம்ப அழுக்கா இருக்கு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, நாக்கை நீட்டி, கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக நக்கினான்.

கடலில் எல்லாரும் செய்வதுதான் அது. நடுக்கடலில் நல்ல தண்ணிக்கு எங்கே போவது. கண்ணாடியில் உப்புப் பிடித்தால் நாக்கால் நக்குவார்கள், துப்புவார்கள், மாட்டிக்கொள்வார்கள், அதற்கு யோசனையே தேவையில்லை. கஸ்பாரும் யோசித்துச் செய்தானா பழக்கத்தில் செய்தானா என்று ஊர் பிறகு பல நாள் தர்க்கம் பண்ணியது. அவன் செய்த தப்பு ஒன்றுதான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோவில் வாசல், காலில் செருப்பில்லை, அந்த இடத்தில் துப்ப முடியாது. விழுங்கினான்.

மறுநாள் விடியற்காலையில் அவன் இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.

வயசானவர்கள் கண்ணில் விழுகிற பூ மாதிரிதான் முதலில் தெரிந்தது. காப்பி கொண்டுவந்து கொடுத்த அவன் பெண்டாட்டி, பக்கத்தில் குனிந்து பார்த்தவள், டம்ளரைக் கீழே விட்டாள். அந்த வெள்ளைக்குள் படகு போய்க்கொண்டிருந்தது. கரைந்துபோன பிள்ளையின் சிரிப்புகூடத் திரும்பி வந்திருந்தது, காணாமல் போன முதுகும் இருந்தது, நாலு முதுகுக்குப் பின்னால் சின்னக் கஸ்பார் ஒருவன் கழுத்தைத் திருப்பிப் பெரிய கஸ்பாருக்கு முன்னால் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை நீளத் தூரத்துக்குள் வருகிற யாருக்கும் அது தெரிந்தது. சுறா ஈரலெண்ணெய் விட்டார்கள், மீன் பித்தத்தைப் பிழிந்து விட்டார்கள், பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார், டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல யாரு விழுந்தது?" என்று கேட்டாள். கஸ்பாரின் பெண்டாட்டி வீட்டுக் கண்ணாடிகளையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. அவனோடு பேசுகிறவர்கள் அவன் காதைப் பார்த்துப் பேசினார்கள். நாவிதர் பின்னால் நின்றபடியே சவரம் செய்யப் பழகினார். பிள்ளைகள் பக்கத்தில் ஓடிவந்து எட்டிப் பார்த்து, "கொடி தெரியுதுலே!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், தாய்மார் பிடித்து முதுகில் வைத்தார்கள். கோபமெல்லாம் ஜெசிந்தாமேல்தான். நல்ல தண்ணியை ஊற்றிக் கழுவித் தொலைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்றார்கள்.

தை மாசத்தில் ஒரு நாள் கஸ்பார் அவள் வேலை பார்க்கிற கடைக்கு வந்தான். தலையில் துண்டை முக்காடு மாதிரி போட்டிருந்தான். கடையில் வேறு ஆள் இல்லை.

"இருக்கிறதுலயே கறுப்பா ஒண்ணு குடு."

"கறுப்பு மினுக்கை வெட்டாது அண்ணே. கடலுக்குப் பிரவுன்தான்."

"வெளிய இருக்கது எனக்கு எப்பிடித் தெரிஞ்சா என்ன. உள்ள இருக்கது வெளிய தெரியக் கூடாது."

"அப்ப வெள்ளிப் பூச்சு போட்டது இருக்கு. பாக்குறவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும்."

எடுத்தாள், பிரித்தாள், அவன் முகத்தில் மாட்டினாள். பிரேம் மாட்டுவது பக்கத்தில் நின்று செய்கிற வேலை. இரண்டு காதுக்கும் பின்னால் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், மூக்குத் தண்டில் இறங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கழற்றி மாட்டுகிற அந்த நொடியில் அவன் இடது கண் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் திறந்திருந்தது. அவள் பார்த்தாள். வெறுப்பாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள். உப்புக்கண்ணாடியில் அசையாமல் நின்ற படம் இங்கே அசைந்தது. படகு ஏறி இறங்கியது, அதாவது பார்த்தவன் அலையில் ஏறி இறங்கினான், மூச்சு வாங்கினான், உயிரோடிருந்தான். படத்தின் அடியோரத்தில், அவள் இதுவரை காணாத ஒன்று, தண்ணீருக்கு மேலே தூக்கிய தொபியாஸின் வலது கை விரல்கள்.

"இது இறுக்கமா இருக்கும். வேற பாப்போம்" என்றாள்.

வேறு மாட்டினாள். அதுவும் சரியில்லை என்றாள். ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை மாட்டினாள், ஒவ்வொரு இடைவெளியிலும் விரல்களைப் பார்த்தாள். பதினோராவது பிரேமில் கஸ்பாருக்குப் புரிந்துவிட்டது. முதலில் மாட்டியதையே பிடுங்கிக்கொண்டான்.

"கண்ணால தின்னு தீத்துட்டியா?"

"சொல்லிருங்க அண்ணே. பாத்தேன்னு ஒரு வார்த்தை."

"உப்புதான் தெரிஞ்சிச்சு. ஊரே சொல்லிருச்சு."

"சரி. கடல்ல அதைக் கழட்டாதீங்க. உப்புப் பிடிச்சா நல்ல தண்ணி ஊத்துங்க, தொடைக்காதீங்க" என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வதைச் சொல்லிவிட்டு, அவன் கதவுவரை போன பிறகு சேர்த்தாள். "நக்கக் கூடாது."

மறு வருஷப் பந்தயம் வந்தது. ஆடி முழுக்க ஒத்திகை. படகில் பாய்க்கயிறு பிடிக்கிறவனும் பலகைக்காரர்களும் சுக்கான்காரன் முகத்தைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும், காற்றில் வாய்ச்சொல் கேட்காது. வெள்ளிக் கண்ணாடியில் அவரவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்கள். அரைமணி நேரம் போனால் சாரல் அடித்துக் கண்ணாடி வெளுத்துவிடும், சுக்கான்காரனுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகவே நாலு பேரில் ஒருவனைப் பாட்டில் தண்ணீரோடு பக்கத்தில் உட்காரவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவன் முகத்தில் ஊற்றிக்கொண்டே போனார்கள், புதுமணல்காரர்கள் படகில் உருண்டு சிரித்தார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் கொடிக்குப் பக்கத்தில் பாட்டில்கள் காலியாகிவிட்டன. கஸ்பார் கண்ணாடியைக் கழற்றினான். நாலு பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், அந்தக் கண்ணுக்குள் படகு போய்க்கொண்டிருந்தது, தங்கள் முதுகுகள் போய்க்கொண்டிருந்தன, தொபியாஸ் கிடந்த இடத்தில் தாங்கள் தண்ணீரில் கிடந்தார்கள். ஒருவன் அலறிக் கயிற்றை விட்டான். பாயை இறக்கிவிட்டு, நாலு பேரும் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். இனி அவன் சுக்கான் பிடிக்கிற படகில் ஏற மாட்டோம் என்றார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் திரண்டு ஜெசிந்தாவின் வேலிக்கு வந்தது. முன்னால் மதலைமுத்து, பக்கத்தில் சவேரியாள், நடுவில் கஸ்பார், முகத்தில் வெள்ளிக் கண்ணாடி.

"கல்லு மனசுக்காரி, ஒரு வார்த்தை சொல்லுடி" என்றாள் சவேரியாள். "மன்னிச்சேன்னு சொன்னா பூ உதுந்துருமாம்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஊர் தானாக முடிவு செய்திருந்தது. "சொல்லித்தான் பாரேன், உன் சொத்தா கரைஞ்சிரும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "சொல்லலேன்னா இந்த ஊர்ல இருந்துருவியா நீ" என்றான் ஒருவன், ஒரு கல் வந்து கதவில் பட்டது.

ஜெசிந்தா அவர்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. வெள்ளிக் கண்ணாடியைப் பார்த்தாள், அதில் அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது. கஸ்பார் என்ன நினைத்தானோ, நாளைக்கு விடிந்தால் வேறொருவன் பிடிக்கப்போகிற சுக்கானை நினைத்தானோ, ஒரு வருஷமாக யாரும் முகத்துக்கு நேரே பேசாத வாழ்க்கையை நினைத்தானோ, கண்ணாடியை மெதுவாகக் கழற்றினான். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள்.

"பாத்தேன் தங்கச்சி" என்றான். "கையைத் தூக்கினான். பாத்தேன். கொடி கிட்டத்துல இருந்திச்சு, புதுமணல்காரன் பின்னால வந்துட்டான். திரும்பலை."

கூட்டத்தில் நின்ற படகுக்காரர்கள் நாலு பேரும் தலைகுனிந்தார்கள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தது. பூ உதிரவில்லை. படகு போய்க்கொண்டுதான் இருந்தது.

"அதான் சொல்லிட்டான்ல" என்றார் மதலைமுத்து, குரல் கிழிந்துபோய். "கேட்டதைக் குடுத்தாச்சு. இனி நீ சொல்லு தாயி. விட்டுரு."

ஜெசிந்தா வேலிப்படலைத் திறந்து, உள்ளேயிருந்த மர ஸ்டூலை எடுத்து வந்து வாசலில், மேற்கு வெயில் விழுகிற பக்கமாகப் போட்டாள். கஸ்பார் வந்து உட்கார்ந்தான். அவள் அவன் தாடையைக் கையால் பிடித்து, கடையில் செய்வது மாதிரியே, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, படத்தின் அடியோரத்தில் அந்த விரல்களைத் தேடினாள்.

"நான் இன்னும் பாத்து முடிக்கலை" என்றாள்.